ஜித்தாவுக்கு எத்தனை மணி நேரம்?



உம்ராவுக்குப் புறப்பட இருக்கும் பெரியம்மா ஒருவர் சென்ற மாதம் தம் பேரனோடு அறக்கட்டளை அலுவலகத்துக்கு வந்திருந்தார். கையில் டிக்கெட் நகல். "தம்பி, போறதுக்கு மூணேகால் மணி நேரம், திரும்பி வர்றதுக்கு ஏழே முக்கால் மணி நேரம்னு இவன் சொல்றான். ஒரே தூரந்தானே? வரும்போது மட்டும் ஏன் சுத்திக்கிட்டு வர்றாங்க?" என்று கேட்டார்.

பேரன் கல்லூரியில் படிக்கிறவர். கழித்தல் கணக்கில் பிழையில்லை. சென்னையில் காலை 10 மணிக்குப் புறப்பாடு, ஜித்தாவில் பகல் 1.15க்கு இறக்கம். திரும்பும்போது ஜித்தாவில் பிற்பகல் 3 மணிக்குப் புறப்பாடு, சென்னையில் இரவு 10.45க்கு இறக்கம். கழித்தால் அவர் சொன்னதுதான் வரும். ஆனால் உண்மை நேர்மாறானது. போகும் பயணம் 5 மணி 45 நிமிடம். வரும் பயணம் 5 மணி 15 நிமிடம். போவதற்குத்தான் நேரம் அதிகம்.

பேரனுக்குச் சற்று வெட்கமாகிவிட்டது. வெட்கப்பட ஒன்றுமில்லை. படித்தவர்களும் நாள்தோறும் செய்கிற தவறுதான் இது. நாங்களே ஒருமுறை இதைவிடப் பெரிய தவறு ஒன்றைச் செய்து, ஒரு குடும்பத்தை மிகவும் வருத்தப்பட வைத்திருக்கிறோம். அதைப் பின்னால் சொல்கிறோம். முதலில் பெரியம்மாவின் கேள்விக்கு வருவோம்.

டிக்கெட்டில் அச்சாகியிருக்கும் நேரம் அந்தந்த ஊர்க் கடிகாரத்தின் நேரம். சென்னை என்று போட்ட இடத்தில் இந்திய நேரம். ஜித்தா என்று போட்ட இடத்தில் சவூதி நேரம். சவூதி கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் பின்னால் ஓடுகிறது. ஜித்தாவில் பகல் 1.15 என்றால் தொட்டியத்தில் பிற்பகல் 3.45. ஆகவே மேற்கே போகும்போது கழித்து வந்த விடையோடு இரண்டரையைக் கூட்ட வேண்டும். திரும்பி வரும்போது கழிக்க வேண்டும். துபாய், ஷார்ஜா, அபுதாபி, மஸ்கட் ஊர்களுக்கு வித்தியாசம் ஒன்றரை மணி. குவைத், கத்தர், பஹ்ரைன் ஆகியவை சவூதியைப் போலவே இரண்டரை.

கிழக்கே போகிறவர்களுக்கு இது தலைகீழாகும். சிங்கப்பூரும் மலேசியாவும் நமக்கு இரண்டரை மணி முன்னால் இருக்கின்றன. திருச்சியிலிருந்து கோலாலம்பூருக்கு வானில் சுமார் 4 மணி நேரம். டிக்கெட்டைப் பார்த்தால் போக ஆறரை மணி, வர ஒன்றரை மணி என்பதுபோல் தோன்றும். "மலேசியாவிலிருந்து ஒன்றரை மணியில் வந்துவிட்டேன்" என்று விளையாட்டாகச் சொல்கிற நம் சகோதரர்கள் உண்டு. கேட்கிற பிள்ளைகள் அதை அப்படியே நம்பிவிடுகிறார்கள்.

இனி தூரம். திருச்சி விமான நிலையத்திலிருந்து ஜித்தா விமான நிலையம் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 4,380 கிலோமீட்டர். சென்னையிலிருந்து 4,450. துபாய் நமக்கு 2,940, கோலாலம்பூர் 2,690, சிங்கப்பூர் 2,980. நேர்க்கோடு என்றால் சுவரில் தொங்கும் வரைபடத்தில் அளவுகோல் வைத்து இழுக்கும் கோடு அல்ல. பூமி உருண்டை, அதன் மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்தால் எந்த வழியில் படிகிறதோ அதுவே மிகக் குறுகிய வழி. வரைபடத்தில் அது வடக்கே வளைந்தது போலத் தெரியும்.

இதை விளங்கிக்கொள்ள நம் பள்ளிவாசலுக்கு வந்தாலே போதும். கிப்லா நேர் மேற்கில் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். திருச்சி வட்டாரத்தில் அது மேற்கிலிருந்து சுமார் 21 பாகை வடக்கே சாய்ந்திருக்கிறது. மக்காவை நோக்கிய அந்தக் குறுகிய வழி எந்தத் திசையில் தொடங்குகிறதோ அந்தத் திசையில்தான் நாம் ஸஃப் கட்டுகிறோம். ஜித்தாவுக்குப் போகும் விமானமும், வேறு தடை இல்லையென்றால், கிட்டத்தட்ட அதே திசையில்தான் கிளம்ப விரும்பும். திருச்சியிலிருந்து அப்படி ஒரு கோடு இழுத்தால் அது காவிரியை ஒட்டி மேற்கே வந்து, நம் ஊருக்கு எதிரே அக்கரையில் சில கிலோமீட்டர் தெற்காகக் கடந்து போகும். பிறகு கேரளக் கரையில் கண்ணூர், தலச்சேரிப் பக்கம் கடலைத் தொடும். அரபிக் கடலைத் தாண்டி ஓமானின் தென்பகுதி, அதன்பின் ருபுஉல் காலீ என்னும் பெரும் மணற்பாலை, பிறகு ஜித்தா. நாம் என்ன செய்கிறோம்? விமானம் ஏறுவதற்காக அதே காவிரிக் கரையில் அறுபது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போகிறோம். சென்னை என்றால் இன்னும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். அத்தனையும் மக்காவை விட்டு விலகிப் போகிற பயணம். இந்த நேரத்தை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை.

விமானம் உயரே போனபின் மணிக்கு 850 கிலோமீட்டர் அளவில் பறக்கிறது. 4,450ஐ அதனால் வகுத்தால் ஐந்தேகால் மணி. ஓடுபாதைக்கு நகர்வது, ஏறுவது, இறங்கும் முன் வரிசைக்குக் காத்திருப்பது எல்லாம் சேர்ந்தால் இன்னும் கொஞ்சம் கூடும். மிச்சத்தைக் காற்று தீர்மானிக்கிறது. பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் வீசும் காற்றை நாம் உணர்வதில்லை. குளிர்காலத்தில் அரபு நாடுகளுக்கு மேலே மேற்கிலிருந்து கிழக்காகப் பலத்த காற்று ஓடுகிறது. போகிற விமானத்துக்கு அது எதிர்காற்று. வருகிற விமானத்துக்கு முதுகில் தள்ளும் காற்று. அரை மணி வித்தியாசம் அதனால் வருவது. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் கதை மாறும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்னிந்தியாவுக்கு மேலே, அதிக உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்காக ஒரு காற்றோட்டம் ஓடும். இதை 1958இல் ஆராய்ந்து எழுதி உலகுக்கு விளக்கியவர் நம் நாட்டு வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். அந்த மாதங்களில் மேற்கே போகும் விமானத்துக்கு வழியின் முற்பகுதியில் இந்தக் காற்று உதவி செய்யும். ஆக ஒரே விமானம், ஒரே வழி என்றாலும் ரமளானுக்குப் போனவரும் துல்ஹஜ்ஜுக்குப் போனவரும் வெவ்வேறு நேரம் சொன்னால் இருவரும் உண்மையே சொல்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளலாம்.

தொழுகை நேரத்தைப் பற்றிப் பலர் கேட்கிறார்கள். மார்க்கச் சட்டத்தை ஹஜ்ரத் அவர்களிடம்தான் கேட்க வேண்டும். நாங்கள் சொல்வது சூரியக் கணக்கு மட்டும். பூமி மணிக்கு 15 பாகை சுழல்கிறது. நாம் பறக்கும் பகுதியில் அது மணிக்குச் சுமார் 1,600 கிலோமீட்டர். விமானத்தின் வேகம் அதில் பாதிக்குச் சற்று அதிகம். மேற்கே போகும்போது சூரியன் போகும் திசையிலேயே நாமும் ஓடுகிறோம். ஆகவே பகல் நீளும். காலை 10 மணி விமானத்தில் ஏறியவர் ஜித்தாவில் இறங்கும்போது அங்கே லுஹர் நேரம் தொடங்கி ஒரு மணி நேரம்கூட ஆகியிருக்காது. ஊரில் அப்போது அஸ்ர் தொழுதுகொண்டிருப்பார்கள். கைக்கடிகாரத்தைப் பார்த்து "லுஹர் போய்விட்டதே" என்று பதற வேண்டியதில்லை.

திரும்பும்போதுதான் கவனம் வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு ஜித்தாவில் ஏறுகிறவர் "அஸ்ருக்கு இன்னும் நேரமிருக்கிறது" என்று அயர்ந்துவிடுவார். கிழக்கே வரும்போது சூரியனுக்கு எதிர்த்திசையில் ஓடுகிறோம். புறப்பட்டு இரண்டு, இரண்டரை மணி நேரத்திலேயே மஃரிப் வந்துவிடும். சாப்பாட்டுத் தட்டை எடுத்து முடிப்பதற்குள் ஜன்னலில் இருட்டு. சென்ற குழுவில் மூன்று பேருக்கு இப்படி அஸ்ர் தவறியது. நோன்பு வைத்துக்கொண்டு பயணம் செய்பவரும் ஊர்க் கடிகாரத்தைப் பார்த்து நோன்பு திறக்கக் கூடாது. அவர் இருக்குமிடத்தில் சூரியன் மறைய வேண்டும் என்றுதான் ஆலிம்கள் சொல்கிறார்கள். மேற்கே போகிறவருக்கு அது நீண்ட நோன்பு. சர்க்கரை நோயுள்ளவர்கள் முன்கூட்டியே யோசிக்க வேண்டிய விஷயம்.

இஹ்ராமும் நேரக் கணக்குதான். ஜித்தாவுக்கு நேராகப் போகிறவர் விமானத்தில் இருக்கும்போதே மீகாத்தின் எல்லையைக் கடந்துவிடுகிறார். யலம்லம் என்றாலும் கர்னுல் மனாஸில் என்றாலும், இறங்குவதற்கு ஏறத்தாழ அரை மணி முன்னதாக அது கடந்து போகும். பல விமானங்களில் அறிவிப்புச் செய்வார்கள். ஆனால் விமானம் நிமிடத்துக்கு 14 கிலோமீட்டர் போகிறது என்பதை நினைவில் வையுங்கள். ஐந்து நிமிடம் கண்ணயர்ந்தால் எழுபது கிலோமீட்டர். கழிப்பறை வரிசையில் நின்றுகொண்டு துண்டை மாற்றலாம் என்று நினைத்தவர்கள் பட்ட பாட்டை நாங்கள் பார்த்திருக்கிறோம். ஆண்கள் சென்னையிலேயே இஹ்ராம் துணி உடுத்திக்கொண்டு, எல்லை நெருங்கும்போது நிய்யத்தும் தல்பியாவும் செய்வது எளிது. மதீனாவுக்கு முதலில் போகும் குழு என்றால் இந்தக் கவலை இல்லை. அவர்களுக்கு மீகாத் மதீனாவை ஒட்டிய துல்ஹுலைஃபா.

வானில் ஐந்தே முக்கால் மணி என்று கண்டோம். வீட்டு வாசலிலிருந்து எத்தனை மணி? பெரியம்மாவுக்காக உட்கார்ந்து எழுதிப் பார்த்தோம். காலை 10 மணி விமானத்துக்கு 7 மணிக்குள் சென்னை விமான நிலையத்தில் இருக்க வேண்டும். குழுவில் முதியவர்கள் இருப்பதால் 6 மணி என்று வைத்தோம். தொட்டியத்திலிருந்து வேன் ஏழு மணி நேரம் எடுக்கும், இடையில் ஒருமுறை நிறுத்துவதோடு. ஆக முந்தைய இரவு 11 மணிக்கு வாசல்படி தாண்ட வேண்டும். நம் நேரப்படி மறுநாள் பிற்பகல் 3.45க்கு ஜித்தாவில் இறக்கம். இமிக்ரேஷன், பெட்டி எடுப்பது, பஸ்ஸுக்குக் காத்திருப்பது இரண்டு மணி. மக்கா போய் அறையில் உட்கார இன்னும் இரண்டு மணிக்கு மேல். மொத்தம் 21 மணி நேரம். அதில் விமானம் பறப்பது கால்பங்குக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான்.

"அஞ்சு மணி நேரந்தானேன்னு நினைச்சேன்" என்றார் பெரியம்மா. காலும் இடுப்பும் தயாராக வேண்டியது 21 மணி நேரத்துக்கு. இன்சுலின் போடுகிறவர் எடுத்து வைக்க வேண்டியதும் அந்தக் கணக்குக்குத்தான். மருந்தையும் இன்சுலினையும் பெரிய பெட்டியில் போடாதீர்கள். கையில் எடுத்துச் செல்லும் பையில் வையுங்கள். விமானத்தின் அடிப்பகுதியில் குளிரால் இன்சுலின் உறைந்து கெடலாம். பெட்டி ஒருநாள் தாமதமாகவும் வரலாம். இரண்டரை மணி வித்தியாசத்துக்கு மருந்து வேளையை எப்படி மாற்றுவது என்பதை உங்கள் டாக்டரிடம் கேட்டு, சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். விமானத்துக்குள் காற்றழுத்தம் ஊட்டி மலையில் இருப்பது போன்ற அளவுக்குக் குறைகிறது. வீட்டில் மூச்சிரைப்பு இருப்பவர்கள் இதை டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். ஒரு மணிக்கொரு தடவை எழுந்து நாலடி நடப்பது கால் வீக்கத்துக்கு நல்லது.

திருச்சியிலிருந்தே வளைகுடா நகரம் ஒன்றில் மாறிப் போகிறவர்களுக்குச் சாலை நேரம் மிச்சம். 2024 ஜூனில் திருச்சியில் புதிய முனையம் இயங்கத் தொடங்கியபின் உள்ளே இட நெருக்கடியும் குறைந்திருக்கிறது. ஆனாலும் முசிறி, குணசீலம் வழியாக நம்பர் 1 டோல்கேட் வரை வந்து நகரத்தைக் குறுக்கே கடக்க வேண்டும். வாழைத்தார் லாரிகள் வரிசையாகப் போகும் நாளிலும், ஸ்ரீரங்கத்தில் வைகுண்ட ஏகாதசி போன்ற கூட்ட நாளிலும் இரண்டு மணி நேரம் தாராளமாக ஆகும். மாறுகிற ஊரில் எட்டு மணி, பத்து மணி காத்திருப்பு உண்டா என்று பாருங்கள். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கின்றனவா என்பதையும் கேளுங்கள். தனித்தனி டிக்கெட்டாக வாங்கினால் முதல் விமானம் தாமதமாகி இரண்டாவது போய்விட்டால் அந்த நஷ்டம் உங்களுடையது. மலிவு என்று வாங்கி இடையில் மாட்டிக்கொண்டவர்கள் நம் ஊரிலேயே இருக்கிறார்கள்.

இப்போது நாங்கள் செய்த தவறைச் சொல்கிறோம். சம்பந்தப்பட்ட குடும்பத்தாரிடம் அனுமதி கேட்டே எழுதுகிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன், ஃபஜ்ருக்குப் பின் அதிகாலை ஐந்தரை மணிக்கு நம் ஜமாஅத்தில் ஒரு பெரியவர் மவுத்தானார். ஒரே மகன் ஜித்தாவில் வீட்டு டிரைவர். "அத்தாவைக் கொஞ்சம் வையுங்க, நான் வந்துடறேன்" என்று போனில் அழுதார். முற்றத்தில் கூடியிருந்த நாங்கள், நிர்வாகிகள் உட்பட, ஐந்து மணி நேர விமானம்தானே, மாலைக்குள் புறப்பட்டால்கூட இஷாவுக்கு வந்துவிடலாம் என்று பேசி முடிவு செய்தோம். தாயாரிடமும் அப்படியே சொன்னோம். "இஷாவுக்கு வந்துடுவாரும்மா." ஃப்ரீசர் பெட்டி வந்தது. ஜனாஸா இஷாவுக்குப் பின் என்று பள்ளியில் அறிவிப்பும் ஆயிற்று.

நடந்தது வேறு. அவர் போனைப் பார்த்ததே நம் நேரம் காலை ஏழரைக்கு. நாட்டை விட்டு வெளியேறித் திரும்ப வருவதற்கான விசா வேண்டும். சவூதியில் 2021 மார்ச் முதல் தனியார் நிறுவன ஊழியர்கள் பலர் அதைத் தாங்களே இணையத்தில் எடுக்க வழி வந்தது. ஆனால் வீட்டு வேலையாட்களும் வீட்டு டிரைவர்களும் அந்தச் சலுகையில் சேரவில்லை. முதலாளிதான் எடுத்துத் தர வேண்டும். அவர் நல்ல மனிதர். உடனே செய்து கொடுத்தார். அப்படியும் கையில் கிடைக்க நம் நேரம் பகல் ஒன்றரை ஆகிவிட்டது. அதன்பின் டிக்கெட். அன்று கிடைத்த முதல் இருக்கை, நம் நேரம் இரவு எட்டரைக்குப் புறப்படும் விமானத்தில், இன்னொரு வளைகுடா நகரத்தில் மாறுவதாக. அதாவது நாங்கள் வீட்டில் இஷாவுக்குக் காத்திருந்தபோது அவர் ஜித்தாவிலிருந்து அப்போதுதான் கிளம்பினார். இரவு 11.15க்கு அந்த நகரம், அங்கே ஐந்து மணி நேரக் காத்திருப்பு, அதிகாலை 4.15க்கு அங்கிருந்து புறப்பாடு; காலை 8.15க்குத் திருச்சி. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது மணி பத்தே முக்கால். மவுத்திலிருந்து 29 மணி நேரம். அதில் அவர் வானில் இருந்தது ஏழு மணிகூட இல்லை.

அதற்குள் நாங்கள் அடக்கம் செய்துவிட்டோம். இஷாவை ஃபஜ்ர் என்று மாற்றினோம். இரவு முழுக்க ஒவ்வொரு மணிக்கும் ஒருவர் போன் செய்து "எங்கே இருக்கீங்க" என்று கேட்டுக்கொண்டே இருந்தோம். வெளியூரிலிருந்து வந்தவர்கள் கிளம்ப வேண்டும் என்றார்கள். இதற்கு மேல் தாமதம் சரியல்ல என்று பெரியவர்கள் சொன்னார்கள். காலை ஏழு மணிக்கு அடக்கினோம். அவர் திருச்சியில் இறங்க அப்போது ஒன்றேகால் மணி நேரம் இருந்தது.

அவர் எங்களைக் குறை சொல்லவில்லை. கபர்ஸ்தானில் நின்று துஆ செய்துவிட்டு, ஒன்றுதான் சொன்னார்: "நாளைக்குப் பத்து மணி ஆகும்னு காலையிலேயே யாராவது கணக்குப் போட்டுச் சொல்லியிருந்தா, நானே அஸ்ருக்கு அடக்கிடுங்கன்னு சொல்லியிருப்பேன். வீடியோவில முகத்தைப் பார்த்திருப்பேன்." சீக்கிரம் அடக்குவதும் நடக்கவில்லை, மகன் வந்து அடக்குவதும் நடக்கவில்லை. தாயார் இஷாவுக்கு வருவார் என்று சொன்னதை நம்பி வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை எங்களால் மறக்க முடியவில்லை. அந்த நம்பிக்கையைக் கொடுத்தது நாங்கள்தான்.

நம் முன்னோர் காலத்தில் இந்தச் சங்கடம் இல்லை. மலாயாவுக்குப் போனவர்கள் நாகப்பட்டினத்தில் ரஜூலா கப்பல் ஏறினார்கள். மவுத்துச் செய்தி கடிதத்தில் போய்ச் சேரும்போது இங்கே பாத்திஹா முடிந்திருக்கும். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் ரயிலில் பம்பாய் போய், அங்கிருந்து 2,300 கடல் மைல் கப்பலில் ஜித்தா போனார்கள். ஒரு காலத்தில் அது பன்னிரண்டு, பதினைந்து நாள் பயணம். அக்பரி என்ற கப்பலோடு அந்தக் கடல்வழி 1995இல் நின்றுபோனது. அன்றைக்குப் போகிறவரும் அனுப்புகிறவரும் ஒருவரையொருவர் மன்னித்து ஸலாம் சொல்லிப் பிரிந்தார்கள். யாரையும் யாரும் இஷாவுக்கு எதிர்பார்க்கவில்லை. இன்று போனில் முகம் தெரிகிறது. ஆள் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றுகிறது.

அந்தச் சம்பவத்துக்குப் பின் அலுவலகத்தில் ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வெளிநாட்டிலிருந்து ஒருவர் வர வேண்டியிருந்தால், எந்த நேரமும் அறிவிப்பதற்கு முன் ஒரு தாளில் எல்லாவற்றையும் இந்திய நேரத்திலேயே எழுதுகிறோம். அந்த நாட்டு நேரத்தை எழுதவே கூடாது. இரண்டு கடிகாரம் கலந்தால் துக்க வீட்டில் யாருக்கும் கணக்கு வராது. வெளியேற அனுமதி கையில் இருக்கிறதா, இல்லையென்றால் யார் தர வேண்டும்? டிக்கெட் பதிவாகிவிட்டதா, "கிடைத்துவிடும்" என்று மட்டும் சொல்கிறாரா? விமானம் புறப்படும் நேரம், மாறும் ஊரில் காத்திருப்பு, இங்கே இறங்கும் நேரம், அதன்பின் சாலைக்கு இரண்டு மணி. சென்னை என்றால் ஏழு. டிக்கெட் பதிவாகி அதன் படம் வாட்ஸ்அப்பில் வரும்வரை "வருகிறார்" என்று வீட்டாரிடம் சொல்வதில்லை. வந்தபின் கடைசி நேரத்தை மட்டும் மகனிடமும் வீட்டாரிடமும் ஹஜ்ரத்திடமும் சொல்லிவிட்டு, காத்திருப்பதா வேண்டாமா என்பதை அவர்கள் முடிவுக்கு விட்டுவிடுகிறோம். சென்ற ஆண்டு இப்படி இரண்டு முறை எழுதினோம். ஒரு வீட்டில் காத்திருந்தார்கள். மகன் சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்பே வந்துவிட்டார். இன்னொரு வீட்டில் மகன் தாளைப் பார்த்துவிட்டு, "லுஹருக்கு அடக்கிடுங்க, நான் நிதானமா வர்றேன்" என்று சொன்னார்.

இந்தத் தாளின் அச்சிட்ட படிவம் அலுவலகத்தில் இருக்கிறது. மஃரிபுக்குப் பின் இஷா வரை எப்போது வந்தாலும் பெற்றுக்கொள்ளலாம். உம்ராவுக்குப் போகிறவர்களுக்கு வேறொரு படிவம். அதில் மருந்து வேளைக்கும் தொழுகைக்கும் தனிக் கட்டம் உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் இருக்கும் வீடுகளில், அவர்களுடைய முதலாளி அல்லது நிறுவனத்தின் பெயர், போன் எண், பாஸ்போர்ட் முடியும் தேதி மூன்றையும் ஒரு நோட்டில் எழுதி வைக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். அவசர நேரத்தில் பாஸ்போர்ட் காலாவதி என்று தெரிய வந்தால் எந்தக் கணக்கும் நிற்காது.

பெரியம்மாவுக்குப் படிவத்தை எழுதிக் கொடுத்தோம். பேரன் தன் கைப்பட ஒரு வரி சேர்த்தார்: ஜித்தாவில் இறங்கும்போது நம்மூரில் பிற்பகல் 3.45, கடிகாரத்தை மக்கா போய்ச் சேர்ந்தபின் மாற்றினால் போதும். அதைப் படித்துக் காட்டச் சொல்லிக் கேட்டுவிட்டு, "அப்ப ராத்திரி மாத்திரையை நம்மூரு எட்டு மணிக்கே போட்டுக்கறேன்" என்றார். டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள் என்று சொல்லி அனுப்பினோம். திங்கட்கிழமை கேட்டுக்கொண்டு வந்தார். முதல் நாளுக்கு மட்டும் அப்படியே போட்டுக்கொள்ளலாம் என்று டாக்டர் சீட்டில் எழுதியிருந்தார்.